ராட்டர்டாம்: கடலைத் தேடிப் போன துறைமுகம்

ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் எது என்று கேட்டால், ராட்டர்டாம் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஊர் கடற்கரையில் இல்லை. வட கடலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே, மாஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஜெனோவாவுக்கும் மார்செய்க்கும் மலை அணைத்த ஆழமான கடல் இயற்கையாகவே கிடைத்தது. ராட்டர்டாமுக்கு வாய்த்ததோ சேறும் வண்டலும், கடல் மட்டத்துக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும் தரையும்தான். இப்படி ஒரு இடத்தில் உலகின் முதல் துறைமுகம் என்ற பெயரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த ஊர் எப்படி வந்தது? மன்னர்கள், போர்கள், வணிகக் குடும்பங்கள் என்று அந்த வரலாற்றை வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போகலாம். என் பார்வையில் அதன் மையம் ஒரே விஷயம்தான்: ஆற்றின் வாயை அடைபடாமல் வைத்திருக்க நடந்த ஓயாத வேலை.

தொடக்கம் என்னவோ ஆற்றை அடைத்ததில்தான் இருக்கிறது. ராட்டே என்ற சின்ன ஆறு வந்து மாஸில் கலக்கும் பகுதியில் 10ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே மக்கள் குடியேறியிருந்தார்கள். மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண்ணில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, பயிர் வைத்தார்கள். நீர் வடிந்த சதுப்பு மண் சுருங்கும், தரை தாழும். தாழ்ந்த தரைக்குள் வெள்ளம் புகுந்தது. 12ஆம் நூற்றாண்டின் பெருவெள்ளங்களுக்குப் பிறகு அந்தக் குடியிருப்பு நிலைக்கவில்லை. அப்புறம் கரைகள் எழுப்பப்பட்டன. 1270 வாக்கில் ராட்டேயின் குறுக்கே சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு ஓர் அணை கட்டினார்கள். உள்ளே தேங்கும் நீர் வெளியேற மதகுகள் இருந்தன, கடல் ஏறி வரும்போது அவற்றை மூடிவிடலாம். ஊரின் பெயரும் இந்த அணையால்தான் வந்தது. இன்றைக்கு ஹூக்ஸ்ட்ராட் என்ற கடைத்தெரு ஓடுவது அந்தப் பழைய அணையின் மேல்தான்.

அணை வந்ததும் படகுகள் நேராகப் போக முடியாமல் போயிற்று. உள்நாட்டிலிருந்து வந்த சரக்கை அணையின் ஒரு பக்கம் இறக்கி, மறுபக்கம் நிற்கும் கடல் படகில் ஏற்ற வேண்டும். இறக்க ஆள், ஏற்ற ஆள், வைக்கக் கிடங்கு, காத்திருப்பவர்களுக்குச் சத்திரம் என்று அணையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அடுத்தவர் சரக்கைக் கலம் மாற்றிக் கொடுத்துப் பிழைக்கும் இந்தத் தொழிலை ராட்டர்டாம் இன்றுவரை விடவில்லை.

1340 ஜூலை 7 அன்று ஹாலந்தின் கோமகன் நான்காம் வில்லம் இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்தார். கூடவே, ஸ்கீ ஆற்றோடு இணைக்கக் கால்வாய் வெட்டிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. என் கணக்கில் இந்த இரண்டாவதுதான் பெரிய பரிசு. அடுத்த பத்தாண்டுக்குள் கால்வாய் வெட்டி முடிந்ததும் டெல்ஃப்ட், லைடன் போன்ற பணக்கார ஊர்களின் சரக்கு ராட்டர்டாம் வழியாகக் கடலுக்குப் போகத் தொடங்கியது. டெல்ஃப்ட் சும்மா இருக்கவில்லை. 1389இல் தனக்கென்று வேறொரு கால்வாய் வெட்டி, மாஸ் கரையில் டெல்ஃப்ஸ்ஹாவன் என்ற சொந்தத் துறையை உண்டாக்கிக்கொண்டது. ஆனால் அந்தத் துறை தன்னை மிஞ்சி வளர்ந்துவிடக் கூடாது என்று தலையில் தட்டியே வைத்திருந்தது. 1886இல் ராட்டர்டாம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அடுத்த இருநூறு ஆண்டுகள் ஹெர்ரிங் மீன்பிடிப்பாலும் சில்லறை வணிகத்தாலும் ஓடின. ஊர் பெரிதாகப் பேசப்படவில்லை. மனிதநேயச் சிந்தனையாளர் எராஸ்மஸ் பிறந்த ஊர் என்பது பெருமை, ஆனால் அவர் சிறுவயதிலேயே அங்கிருந்து போய்விட்டவர். திருப்பம் வந்தது ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சிக் காலத்தில். 1576 முதல் பத்து ஆண்டுகள் நகரத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர் யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட். நாட்டின் தலையாய அரசியல்வாதியாக அவர் உயர்ந்தது பிறகுதான். அவர் காலத்தில் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடந்த சேற்று நிலத்தில் வடிநிலைகள், அதாவது கப்பல் நிற்கத் தோண்டிய துறைமுகக் குளங்கள், வெட்டப்பட்டன. 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியர் கைக்குப் போனது, அதன் ஸ்கெல்ட் ஆற்றுவழியையும் டச்சுக்காரர்கள் அடைத்துவிட்டார்கள். அங்கிருந்த வணிகர்களும் கைவினைஞர்களும் வடக்கே வந்தார்கள். பெரும்பங்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது, ஒரு பங்கு ராட்டர்டாமுக்கும் வந்தது.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது அதன் ஆறு கிளை மன்றங்களில் ஒன்று ராட்டர்டாமில் அமைந்தது. முதலீட்டிலும் கப்பலிலும் அதற்குப் பதினாறில் ஒரு பங்கு. பழவேற்காட்டிலும் 1658க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கொடி நாட்டியது இதே கம்பெனிதான். சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தில் வந்த லாபத்தில் மாஸ் கரைக்கும் ஒரு பங்கு போனது. அடிமை வணிகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் பெரிய அடிமை வணிக நிறுவனங்களில் ஒன்றான கூப்ஸ்டாட் - ராகுசன், ராட்டர்டாமிலிருந்துதான் கப்பல்களை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பியது. 2021 டிசம்பரில் அன்றைய மேயர் அகமத் அபூதாலிப் இதற்காக நகரத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். கால்வாய் ஓரத்து மாளிகைகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது நியாயமில்லை.

இத்தனை நடந்தும் 1795இல் ராட்டர்டாமின் மக்கள்தொகை சுமார் 55 ஆயிரம்தான். ஆம்ஸ்டர்டாமில் அதைப் போல் நான்கு மடங்கு பேர் இருந்தார்கள். அதற்குள் ஊருக்கு உயிராக இருந்த ஆற்றுவாயே வண்டலால் மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது.

மாஸும், ஜெர்மனி வழியாக வரும் ரைன் ஆற்றின் கிளைகளும் கொண்டுவரும் வண்டல் முகத்துவாரத்தில் படிந்துகொண்டே இருக்கும். மணல்திட்டு எப்போது எங்கே நகரும் என்று சொல்ல முடியாது. பிரில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த பழைய வழியில் பெரிய கப்பல்கள் தரைதட்டின. தெற்கே ஹெல்வுட்ஸ்லாய்ஸ் வழியாகத் தீவுகளைச் சுற்றி வந்தால் நாள்கணக்கில் தாமதமாகும். மன்னர் முதலாம் வில்லம் காலத்தில் வோர்ன் தீவின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, 1830இல் திறந்தார்கள். அது முடிந்த கொஞ்ச காலத்திலேயே நீராவிக் கப்பல்களின் காலம் வந்துவிட்டது. கால்வாயின் அடைப்பு மதகுகளுக்குள் புதிய கப்பல்கள் நுழையவே முடியவில்லை.

பீட்டர் காலண்ட் என்ற நீரியல் பொறியாளர் நுழைவது இங்கேதான். வெளிநாட்டு ஆற்று முகத்துவாரங்களை நேரில் பார்த்துப் படித்தவர் அவர். மதகே இல்லாத வழி வேண்டும் என்றார். ஹுக் வான் ஹாலந்து என்ற இடத்தில் கடற்கரை மணல்மேடுகளைக் குறுக்கே வெட்டி, ஆற்றை நேராகக் கடலுக்குள் விட்டுவிட வேண்டும். கடலேற்றமும் இறக்கமும் ஒரு நாளில் இரண்டு முறை அந்தக் குறுகிய வழியில் பாய்ந்து தானே தரையை அரித்து ஆழப்படுத்தும். மனிதர் வெட்ட வேண்டியது தொடக்க வாய்க்கால் மட்டும், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. 1863இல் இதற்கான சட்டம் நிறைவேறியது, 1866இல் வேலை தொடங்கியது.

கடலுக்குள் நீளும் இரண்டு தடுப்புக் கரைகளை அன்று கட்டிய விதத்தை அருகில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அடியில் பாறை கிடையாது. வெறும் கல்லைக் கொட்டினால் மணலுக்குள் இறங்கிப் போய்விடும். அதனால் வில்லோ மரத்தின் இளங்கொம்புகளைக் கட்டுக்கட்டாக அள்ளி, குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பிணைத்து, பெரிய பாய்களாகப் பின்னினார்கள். நீரில் மிதக்கும் அந்தப் பாயைப் படகுகளால் இழுத்துக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் நிறுத்தி, படகுகளிலிருந்து ஆட்கள் கையாலேயே கல்லை எறிவார்கள். பாரம் ஏற ஏறப் பாய் அப்படியே கடலடிக்குப் போய்ப் படியும். அதன் மேல் இன்னொரு பாய், அதன் மேல் கல். அலை அடங்கியிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டும். ராட்டர்டாமின் நவீன துறைமுகம் நிற்பது இந்தக் கொம்புப் பாய்களின் மேல்தான் என்று சொன்னால் தப்பில்லை.

1872இல் புதிய நீர்வழி திறந்தது. நியூவே வாட்டர்வேக் என்பது அதன் டச்சுப் பெயர். ஆனால் கடல் காலண்டின் கணக்குப்படி நடக்கவில்லை. உள்ளே அரித்த மணலைக் கொண்டுபோய் வாயிலேயே கொட்டியது. சில ஆண்டுகளில் ஆழம் குறைந்து, திட்டமே தோற்றுவிட்டது என்ற பேச்சு நாடாளுமன்றம்வரை போனது. கடைசியில் காப்பாற்றியவை நீராவியால் இயங்கும் தூர்வாரும் கப்பல்கள். 1880களிலும் 1890களிலும் அவை இடைவிடாமல் மணலை அள்ளி, வழியை அகலப்படுத்தின. கடல் தானே செய்யும் என்று நினைத்த வேலையை எந்திரம் செய்தது, இன்றும் செய்துகொண்டிருக்கிறது. டச்சுத் தூர்வாரும் நிறுவனங்கள் உலகம் முழுக்கத் துறைமுகம் வெட்டப் போவதற்கான கைப்பழக்கத்தில் ஒரு பகுதி இங்கே கிடைத்ததுதான். காலண்டின் அடிப்படை யோசனை தோற்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். மதகு இல்லாத திறந்த வழி என்ற முடிவுதான் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ராட்டர்டாமைத் தூக்கி நிறுத்தியது.

இதே நேரத்தில் ரைன் ஆற்றின் மேலே, ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு தொழிற்சாலைகளால் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஜெர்மனியின் எஃகு உலைகளுக்குத் தாது வேண்டும், தொழிலாளர் கூட்டத்துக்குக் கோதுமை வேண்டும். 1868இல் கையெழுத்தான மன்ஹைம் உடன்படிக்கை ரைனில் சுங்கமில்லாத, தடையில்லாத போக்குவரத்தை உறுதி செய்தது. கடல் கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்கு ராட்டர்டாமில் மாற்றினால் போதும், சரக்கு நேராக ரூரின் டூயிஸ்பர்க் துறைக்குப் போய்ச் சேரும். பழைய அணையடித் தொழில், இப்போது ஒரு பேரரசின் அளவில்.

தென்கரையில் முதலில் பெரிய அளவில் வடிநிலை வெட்டியவர் லோடவைக் பின்காஃப்ஸ் என்ற வணிகர். ஊரே கொண்டாடிய அவருடைய கணக்குப் புத்தகங்கள் பொய் என்று 1879இல் தெரியவந்தது. அவர் அமெரிக்காவுக்கு ஓடிப் போனார், நகராட்சி அந்தச் சொத்துகளை வாங்கித் துறைமுகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் நகரப் பொதுப்பணிகளின் தலைவராக வந்த டி யோங் 1910 வரை பதவியில் இருந்தார். ரைன்ஹாவன், மாஸ்ஹாவன், பிறகு வால்ஹாவன் என்று வடிநிலைகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாகப் போயின. இவற்றின் பயன் கரையில் அல்ல, நடு நீரில்தான் அதிகம். கப்பல் வடிநிலையின் நடுவே கட்டப்பட்டு நிற்கும், இரண்டு பக்கமும் ரைன் படகுகள் ஒட்டிக்கொண்டு சரக்கை வாங்கிக்கொள்ளும்.

1850இல் சுமார் 90 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1900இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. பிரபாண்ட், சீலண்ட் கிராமங்களில் நிலம் இல்லாதவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து தென்கரையில் குடியேறினார்கள். வேலை அன்றன்றைக்குத்தான், காலையில் ஆள் பொறுக்கும் இடத்தில் நின்று பெயர் வந்தால்தான் கூலி. 1905இல் மிதக்கும் தானிய உறிஞ்சி எந்திரங்கள் வந்தன. மூட்டை கட்டி, எடை போட்டு, தோளில் சுமந்து இறக்கிய தானியத்தை இப்போது குழாய் உறிஞ்சிப் படகில் கொட்டியது. தானியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1907இல் மறுபடியும் பெரிய போராட்டம். கடைசியில் எந்திரம்தான் நிலைத்தது. துறைமுகத்தின் வளர்ச்சியைக் கொண்டாடும் எழுத்துகளில் இந்த மனிதர்கள் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்கள். அந்த வளர்ச்சிக்கு முதல் விலை கொடுத்தவர்களே அவர்கள்தான்.

1940 மே 14, பிற்பகல் ஒன்றரை மணி. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் நகரத்தின் மேல் வந்தன. சரணடைவது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. குண்டு விழுந்தது கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதன் பின் பரவிய தீதான் இடைக்கால நகரத்தை முழுசாகத் தின்றது. 850 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், சுமார் 80 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். புனித லாரன்ஸ் தேவாலயத்தின் சுவர்கள் எரிந்து நின்றன. 1942 ஜூலை முதல் ராட்டர்டாமின் யூதர்களைக் கூட்டி ரயிலேற்ற வைத்திருந்த இடம் துறைமுகத்தின் 24ஆம் எண் கிடங்கு. சரக்குக்காகக் கட்டிய கொட்டகையில் மனிதர்கள். 1944 இலையுதிர் காலத்தில், பின்வாங்குமுன் ஜெர்மன் படையினர் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளக் கப்பல் மேடைகளையும் கிரேன்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

போருக்குப் பின் முன்னுரிமை துறைமுகத்துக்குத்தான். வீட்டுக்காக மக்கள் காத்திருந்தபோதும் முதலில் கப்பல் மேடைகள் எழுந்தன. நகர மையத்தைப் பழையபடி கட்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். நகரத் திட்டமிடுநர் வான் ட்ராவின் 1946ஆம் ஆண்டுத் திட்டம் அகலச் சாலைகளையும் திறந்த வெளிகளையும் வைத்தது. 1953இல் கார் நுழையாத லைன்பான் கடைவீதி திறந்தது. டச்சு ஊர் என்றால் கால்வாயும் கூரான செங்கல் வீடுகளும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரிவது இதனால்தான். தீ எதுவரை எரிந்தது என்பதை நடைபாதையில் பதித்த விளக்குகள் இன்றும் காட்டுகின்றன.

எண்ணெய்தான் அடுத்த கட்டத்தைத் தீர்மானித்தது. டேங்கர்கள் பெருக்கப் பெருக்கத் துறைமுகம் மேற்கே, கடலை நோக்கி நகர்ந்தது. 1950களில் போட்லெக், பிறகு யூரோபோர்ட் என்று புதிய துறைமுகப் பகுதிகள் எழுந்தன. ரோசன்பர்க் தீவில் இருந்த பிளாங்கன்பர்க் என்ற கிராமம் இதற்காக இடிக்கப்பட்டது. பறவைகளுக்குப் பேர்போன டி பேர் இயற்கைக் காப்பிடமும் போயிற்று. 1962இல் சரக்கு எடையில் நியூயார்க்கை முந்தி ராட்டர்டாம் உலகில் முதலிடத்துக்கு வந்தது. 2004 வாக்கில் ஆசியத் துறைமுகங்கள் முந்தும்வரை அந்த இடம் கைமாறவில்லை. 1960களின் பிற்பகுதியில் கடலுக்குள்ளேயே மணலைக் கொட்டி மாஸ்ஃப்ளாக்தே என்ற புது நிலத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அங்கே எஃகு ஆலை வைக்கும் திட்டம் மட்டும் மக்கள் எதிர்ப்பில் நின்றுபோனது. காற்றின் நாற்றத்தைத் தினமும் சுவாசித்தவர்கள், வேலைவாய்ப்பு என்ற ஒரு சொல்லுக்கு அடங்கவில்லை.

கடலடியிலேயே பள்ளம் தோண்டி ஆழ்வழி அமைத்ததால் 22 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும் கப்பல்களும் உள்ளே வர முடிந்தது. 1986இல் கட்டப்பட்ட பெர்கே ஸ்டால் என்ற தாதுக் கப்பல், முழுப் பாரத்தோடு பல ஆண்டுகள் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே மட்டுமே ஓடியது. பிரேசிலின் போண்டா ட மடேரா ஒன்று, ராட்டர்டாம் இன்னொன்று. வேறெங்கும் அதற்குப் போதிய ஆழமில்லை.

கண்டெய்னர் வந்தது 1966 மே மாதம், ஃபேர்லாண்ட் என்ற அமெரிக்கக் கப்பலில். முப்பது ஆண்டுக்குள் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து ஓடும் முனையம் மாஸ்ஃப்ளாக்தேயில் இயங்கத் தொடங்கிவிட்டது. 2008இல் தொடங்கி 2013இல் திறந்த இரண்டாம் மாஸ்ஃப்ளாக்தேக்கு வட கடலின் அடியிலிருந்து அள்ளிய மணல் 20 கோடி கன மீட்டருக்கும் அதிகம். அந்த மணலோடு பனியுகத்து மாமத் யானையின் எலும்புகளும் வந்தன. ஊர்க்காரர்கள் இன்றும் அந்தக் கரையில் அவற்றைப் பொறுக்குகிறார்கள். இப்போது துறைமுகத்தின் நீளம் 40 கிலோமீட்டர், ஆண்டுச் சரக்கு 40 கோடி டன்னுக்கும் மேல். ஊருக்குள் இருந்த பழைய வடிநிலைகள் கப்பலில்லாமல் காலியாகி, 1996இல் எராஸ்மஸ் பாலம் வந்த பிறகு குடியிருப்புகளாக மாறிவருகின்றன. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகுமா என்பது நகரத்துக்குள் சூடாகப் பேசப்படும் விஷயம்.

திறந்த நீர்வழிக்கு ஒரு விலையும் உண்டு. கப்பல் வரும் வழியே புயல்நீரும் வரும். 1953 வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்த பிறகு தென்மேற்கின் பல முகத்துவாரங்களை அடைத்தார்கள், ராட்டர்டாமின் வழியை மட்டும் கப்பலுக்காகத் திறந்தே விட்டார்கள். அதற்குக் காவலாக 1997இல் மாஸ்லண்ட் தடுப்பு வந்தது. 360 மீட்டர் அகல வழியின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு கதவு. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். அவை சுழல்வதற்கு 10 மீட்டர் விட்டமுள்ள உருண்டை மூட்டு. நீர் 3 மீட்டருக்கு மேல் ஏறும் என்று முன்கணிப்பு வந்தால் கணினியே முடிவெடுக்கும். கதவுகள் மிதந்து வந்து நடுவில் சேரும், உள்ளே நீர் நிரம்பித் தரையில் அமரும். 2023 டிசம்பர் 21 அன்று அது முதல் தடவையாக இந்த 3 மீட்டர் கணிப்பின்படி தானாகவே மூடிக்கொண்டது.

கடல் மட்டம் ஏற ஏற அடிக்கடி மூட வேண்டி வரும், மூடும்போதெல்லாம் கப்பல் போக்குவரத்து நிற்கும். அப்படியானால் நிரந்தரமாக மதகு வைத்து அடைத்துவிடலாமா என்ற விவாதம் தொடங்கிவிட்டது. ஆழமான திறந்த வழியில் உப்புநீர் உள்ளே ஏறுவதால், குடிநீருக்கும் பாசனத்துக்கும் நன்னீர் எடுக்கிறவர்கள் அடைப்பதை ஆதரிக்கக் காரணம் இருக்கிறது. கப்பல் நிறுவனங்களுக்கோ மதகு என்றால் காத்திருப்பு, காத்திருப்பு என்றால் செலவு. மேலே ரைனிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2018லும் 2022லும் வறட்சியால் ஜெர்மனியின் கௌப் அளவுகோலில் நீர் 40 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆற்றுப் படகுகள் கொள்ளளவில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றிக்கொண்டு போயின, மிச்சச் சரக்குக்கு ரயிலிலும் லாரியிலும் இடம் தேட வேண்டியதாயிற்று.